கை தூக்கினால் விசில்

"கையத் தூக்கினேனே டாக்டர்! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

நாற்காலியில் மல்லாந்து கிடந்த மளிகைக்கடைக்காரர் துள்ளி எழுந்து, வாயில் இருந்த பஞ்சைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"தெரிஞ்சுது" என்றார் பல் டாக்டர், பல்லைக் குடையும் மிஷினைக் கையில் பிடித்தபடி. "அதான் யோசிச்சிட்டு இருந்தேன்."

"வலிக்குதுன்னு ஒருத்தன் கையத் தூக்கினா அதுல யோசிக்க என்ன இருக்கு?"

"யார் கேக்கறாங்கன்னு மொதல்ல பாக்கணும் இல்லையா?"

"இந்த ரூம்ல வாயப் பொளந்துகிட்டுப் படுத்திருக்கறது நான் ஒருத்தன்தான் டாக்டர்!"

அதுவும் நியாயம்தான். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். "சரி. இப்ப மிஷின் யார் கையில இருக்கு?"

மளிகைக்கடைக்காரர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடு முன்னறைக்கு ஓடினார். அங்கே நோயாளிகள் வரும் நேரம் குறிக்கும் நோட்டோடு டாக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு என்னமோ ஆயிடுச்சு. கொஞ்சம் கவனிங்க" என்று சொல்லிவிட்டு, துணியைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கிவிட்டார்.

டாக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்தப் பயிற்சியைக் கொடுத்ததே அந்த அம்மாள்தான் என்பது பாவம் மளிகைக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

சங்கதி இதுதான். டாக்டருக்கு வாரத்தில் ஆறு நாள் பல், ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து. ஆடுவதில்லை, அந்த உயரமும் இல்லை, மூச்சும் இல்லை. நடுவர். ஆபீஸ் அணிகள் மோதும் ஞாயிறு ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவர். சம்பளம் கிடையாது, ஒரு பாட்டில் தண்ணீர் தருவார்கள். ஆனால் அந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் மனுஷனுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு விலை போட முடியாது. வாரம் முழுக்க அவரைக் கண்டவர்கள் எல்லாம் நடுங்குவார்கள். மைதானத்தில்தான் பத்துப் பேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஓடுவார்கள், ஒரு விசிலுக்கு நிற்பார்கள். போதாதா?

பிரச்சினை அவருடைய நல்ல குணத்தில் இருந்தது. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லித்தான் வேலையை ஆரம்பிப்பார்: "வலிச்சா கையத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்." சொன்னபடி நிறுத்துவார். விரல் நுனி அசைந்தாலே மிஷின் நின்றுவிடும். அந்த ஒரு பேருக்காகத்தான் வேறு இரண்டு பல் டாக்டர்களின் போர்டைத் தாண்டி ஜனங்கள் இவரிடம் வந்தார்கள். பத்தொன்பது வருஷப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுத்துக்கொள்ளுமா?

போன ஞாயிறு அரையிறுதி. பஸ் டிப்போ அணியின் நெட்டை டிரைவர் பந்தோடு தனியாக ஓடி, கூடைக்கு அடியில் வந்து, ஒரு துள்ளு துள்ளினார். தடுக்க ஒரு ஈ காக்கை இல்லை. அந்த நேரம் பார்த்து, கூட்டத்தில் இருந்த ஒரு அம்மா ஐஸ்கிரீம் வண்டிக்காரரைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். டாக்டரின் ஓரக்கண்ணில் ஒரு கை பட்டது. உடனே விசில். உள்ளங்கையின் மேல் விரல் நுனியை வைத்துக் காட்டினார்: டைம் அவுட், ஆட்டம் சற்று நிற்கட்டும்!

"யாருடா கேட்டது?" என்று ஒரு குரல் எழுந்தது. டிப்போ மேனேஜர்தான் அந்த அணியின் பயிற்சியாளர். சாதாரணமாகப் பேசினாலே ஷெட்டில் நிற்கிற பஸ் கண்ணாடி அதிரும். டிப்போவில் அவருக்கு 'இடி' என்றுதான் பேர். "யாரு கேட்டது டைம் அவுட்? நான் கேட்டேனா? எதிர் டீம் கேட்டுதா? அந்த ஐஸ்கிரீம்காரரா கேட்டாரு?"

எப்படியோ ஒரு புள்ளி வித்தியாசத்தில் டிப்போ ஜெயித்துவிட்டது. ஆனாலும் கூடைப்பந்துச் சங்கச் செயலாளர் விடவில்லை. விதிப் புத்தகத்தை நடுமைதானத்திலேயே பிரித்துப் படித்தார். டைம் அவுட் கேட்கும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கு மட்டும். ஆட்டம் நின்றிருக்கும்போது கேட்டால் கொடுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால், பந்து அவருடைய அணியின் கையில் இருந்தால் மட்டும் கொடுக்கலாம். அதுவும் அவருடைய அணிக்கு உரிய டைம் அவுட் பங்கு தீர்ந்துபோகாமல் இருந்தால்.

"ஐஸ்கிரீமுக்கு டைம் அவுட் குடுத்த மொத நடுவர் நீங்கதான் டாக்டர்" என்றார் செயலாளர். "ஃபைனலுக்கு வேற ஆளு போடலாம்னா, இருக்கற இன்னொருத்தருக்குக் கால் சுளுக்கு. அதனால தப்பிச்சீங்க. ஆனா ஒண்ணு. கேக்காத டைம் அவுட்ட இன்னொரு தடவை குடுத்தீங்க, விசிலக் கழட்டி மேஜை மேல வச்சிட்டு வீட்டுக்குப் போயிடணும். அப்புறம் இந்தப் பக்கமே வரக் கூடாது."

டாக்டர் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அழுதார் என்று சொல்ல முடியாது. மூக்கை இரண்டு தடவை சிந்தினார்.

மனைவிக்குத் தாங்கவில்லை. "இதுக்கு எதுக்குங்க இப்படி இடிஞ்சு போறீங்க? கையப் பாத்ததும் நிறுத்தற பழக்கம் எங்க வந்துது? கிளினிக்ல. அப்ப அங்கயே அத ஒழிச்சுக் கட்டணும்." ஒரு அட்டையை எடுத்து மூன்று கேள்வி எழுதினாள். யார் கேக்கறது? பந்து யார் கையில? பாக்கி இருக்கா? "இந்த மூணுக்கும் பதில் கிடைச்ச பிறகுதான் நிறுத்தணும். யார் கையத் தூக்கினாலும் சரி. நான் தூக்கினாலும் சரி."

"நோயாளிங்களுக்கு வலிக்குமேம்மா."

"மூணு கேள்வி கேக்கற நேரத்துல உயிரா போயிடும்?"

உயிர் போகவில்லை. நோயாளிகள்தான் போனார்கள். மளிகைக்கடைக்காரர் திங்கட்கிழமை ஓடினார். செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரர், "பாக்கி எத்தனை இருக்கு?" என்று டாக்டர் கேட்டதும், எல்லாப் பல்லையும் பிடுங்கப் போகிறாரோ என்று பயந்து எழுந்துவிட்டார். புதன்கிழமை ஒரு அம்மா டாக்டரின் விரலைக் கடித்தார். முன்னறை நோட்டில் பேர்களை அடித்து அடித்தே மனைவியின் பேனா தீர்ந்தது.

"பழக்கம் மாறுதா இல்லையா? அதச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"மாறுது. விரல்ல ரத்தம் வந்தப்பகூட யார் கேக்கறதுன்னுதான் யோசிச்சேன்."

"அப்ப நல்லதுதான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார் டிப்போ மேனேஜர். ஒரு வாரமாக டாக்டரைத் திட்டித் தீர்த்தவர்தான். ஆனால் பல்வலி வந்தால் ரோஷம் எல்லாம் எங்கே நிற்கும்? டாக்டர் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி விளக்கினார். ஒரு பெரிய கடைவாய்ப் பல்லின் படம் அது. மேலே மேடு, கீழே காலை அகட்டி நிற்பதுபோல் இரண்டு வேர்.

"இந்தப் பல்லுதான் சார். இதோ, இந்த வலது பக்க வேர்கிட்ட சொத்தை. சுத்தம் பண்ணி அடைச்சிடலாம். வலிச்சா கையத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்."

வாய் மட்டும் பழைய வாக்கியத்தை விடவில்லை பாருங்கள். மேனேஜர் நம்பிப் படுத்தார். மிஷின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் கை மேலே போனது.

'யார் கேக்கறது?' என்று டாக்டர் மனசுக்குள் ஆரம்பித்தார். 'தலைமைப் பயிற்சியாளர். சரி. பந்து யார்...'

அதற்குள் மேனேஜர் தலையை வெடுக்கென்று திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். சொத்தைப் பல்லின் பாதிச் சுவர் உடைந்து டாக்டரின் மேஜையில் போய் விழுந்தது.

அன்றைக்கு இடி இடித்ததில் கீழ்த்தெரு வரைக்கும் ஜன்னல் திறந்தது. டாக்டர் தற்காலிகமாக எதையோ வைத்து அடைத்து, "நாளைக்கே வாங்க சார், எடுத்துடலாம்" என்று கெஞ்சினார். "ஃபைனல் முடியட்டும்யா! அது வரைக்கும் உன் மூஞ்சியே எனக்கு ஆகாது!" என்று மேனேஜர் போய்விட்டார்.

"நிறுத்தியிருக்கலாம் இல்லையா?" என்றாள் மனைவி.

"நீதானே நிறுத்தக் கூடாதுன்னு சொன்னே!"

"உடையற வரைக்குமா நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேன்?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மாடி வீட்டுக் கதவு தடதடவென்று ஆடியது. மேனேஜர். ஒரு கன்னம் எலுமிச்சம்பழத்தை அடக்கியதுபோல் வீங்கியிருந்தது. கண்ணில் தூக்கமே இல்லை. பத்தரைக்கு ஃபைனல்.

"எடுத்துடு" என்றார். இடி அல்ல, வெறும் முனகல்.

கீழே இறங்கி கிளினிக்கைத் திறந்தார்கள். மனைவியும் கூடவே வந்து நின்றாள். "ஏங்க, இன்னைக்குப் பயிற்சி எல்லாம் வேண்டாம். அவர் கையத் தூக்கினா ஒழுங்கா நிறுத்துங்க" என்று காதோடு சொன்னாள். டாக்டர் ஊசி போட்டார். நன்றாக மரத்துப்போனதால் மேனேஜர் கையைத் தூக்கவே இல்லை. ஒன்பதே காலுக்குப் பல் கிண்ணத்தில் விழுந்தது.

"சார், நல்லாக் கேட்டுக்குங்க. பஞ்சக் கடிச்சபடியே இருக்கணும். பேசக் கூடாது. கத்தவே கூடாது. இந்த ஐஸ் பையைக் கன்னத்துல அழுத்திப் பிடிச்சிருக்கணும். பன்னெண்டு மணி வாக்குல மரத்தது விட்டுடும், அதுக்கு முன்னாடி இந்த மாத்திரை ஒண்ணு போட்டுக்கணும். வலிச்சா கையத் தூக்குங்க..."

"ஏங்க, அதான் பல்லு வெளிய வந்துடுச்சே" என்றாள் மனைவி.

"பழக்கம்மா, வாயில வந்துடுச்சு."

மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 'வீட்டுல போய்ப் படுங்க சார்' என்று சொல்லிப் பார்த்தார் டாக்டர். அதற்கு மட்டும் தலை ஆடவில்லை.

மைதானத்தில் ஜே ஜே என்று கூட்டம். டிப்போவுக்கு எதிராகத் தபால் அணி. அதன் பயிற்சியாளர் போஸ்ட்மாஸ்டர் அம்மா. நல்ல மனுஷி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்கிற மனுஷி.

"அவருக்கு வாயும் வராது. ஒரு கையில ஐஸ் பை. ரெண்டு கையும் சேத்து சைகை காட்டவும் முடியாது. அப்புறம் டைம் அவுட் எப்படிக் கேப்பாரு? நாளைக்கு ஏதாவது தகராறு வந்தா யார் பொறுப்பு?" என்றார் அந்த அம்மா.

செயலாளர் யோசித்தார். "வலது கையத் தூக்கினா டைம் அவுட் கேக்கறாருன்னு வச்சுக்குவோம். என்ன மேனேஜர், சரியா?"

மேனேஜர் தலையை ஆட்டினார். அன்று காலையிலிருந்து அவர் எதற்கும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.

டாக்டரோ ஒரு வாரம் உயிரைக் கொடுத்து, கடி வாங்கி, கையைப் பார்த்தால் நிறுத்தக் கூடாது என்று பழகியிருக்கிறார். இப்போது கையைப் பார்த்தால் நிறுத்த வேண்டுமாம். "இது என்ன கூத்து!" என்று முணுமுணுத்துக்கொண்டு, சட்டைப் பையில் இருந்த அட்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆட்டம் ஆரம்பமாகி ஐந்தாவது நிமிஷமே மேனேஜரின் கை மேலே போனது. யார் கேக்கறது? தலைமைப் பயிற்சியாளர். பந்து யார் கையில? தபால் அணியின் கையில். கிடையாது! டாக்டர் ஓடிக்கொண்டே இருந்தார். மேனேஜர் கையை ஆட்டினார், காலை உதைத்தார், பஞ்சுக்குள் ஏதோ உறுமினார். விதி விதிதான்.

இரண்டாவது தடவை பந்து டிப்போவின் கையில்தான் இருந்தது. ஆனால் டாக்டர் முதல் கேள்வியை முடித்து, இரண்டாவதை முடித்து, மூன்றாவதற்காக ஸ்கோர் மேஜையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து பறிபோய், தபால் அணி அதைக் கூடையிலும் போட்டுவிட்டது.

"வேகமாக் கேளுங்க!" என்று கூட்டத்திலிருந்து மனைவி கத்தினாள். எதை என்று யாருக்கும் விளங்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பந்து கை மாறும்போதெல்லாம் இரண்டாவது கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைத்துக்கொள்வது. ஸ்கோர் எழுதும் ரிட்டயர்டு கணக்கு டீச்சரிடம், டிப்போவின் பங்கு எத்தனை மீதம் என்று விரலில் காட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். அந்த அம்மா வலது கையால் எழுதி, இடது கையில் இரண்டு விரலை நீட்டியபடி உட்கார்ந்தார். பந்து வெளியே போய் ஆட்டம் நின்ற ஒரு சமயம் மேனேஜர் கையைத் தூக்கினார். மூன்று பதிலும் தயார். விசில்! முதல் டைம் அவுட், முறைப்படி. டீச்சர் ஒரு விரலை மடக்கினார். செயலாளர் புத்தகத்தைப் பார்த்தார், மூடி வைத்தார்.

அப்போதுதான் அந்த மளிகைக்கடைக்காரருக்குக் குறும்பு வந்தது.

"டாக்டர்! எனக்கும் வலிக்குது!" என்று கூட்டத்தில் எழுந்து நின்று கையைத் தூக்கினார். பக்கத்தில் தையல்காரர். அவரும் தூக்கினார். விரலைக் கடித்த அம்மாவும் எழுந்தார். ஒரு வாரமாக அடிபட்டவர்கள் எல்லாம் ஒன்றாகத்தான் வந்திருந்தார்கள்போல. அந்த வரிசை முழுக்கக் கை. அதைப் பார்த்து அடுத்த வரிசையும் தூக்கியது.

டாக்டரின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. விசிலைப் பல்லில் கடித்தார். நெற்றி வேர்த்தது. பத்தொன்பது வருஷம் அவருக்குள்ளே நிறுத்து நிறுத்து என்று கத்தியது. 'யார் கேக்கறது? மளிகைக்கடை. தையல். கடிச்ச அம்மா. இவங்க யாரும் பயிற்சியாளர் இல்ல.' ஊதவில்லை. ஆட்டம் ஓடியது.

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க வீட்டுக்காரர்" என்றாள்.

இனிமேல்தான் இருக்கிறது. தபால் அணி நாற்பத்தெட்டு. டிப்போ நாற்பத்தேழு. எட்டு வினாடி பாக்கி. பந்து நெட்டை டிரைவரின் கையில். ஆனால் மைதானத்தின் மூலையில் தபால்காரர்கள் இரண்டு பேர் அவரை மடக்கிவிட்டார்கள். முன்னால் போக முடியாது, பந்தைக் கொடுக்க ஆளில்லை. இன்னும் ஒரு வினாடி போனால் பறித்துவிடுவார்கள்.

மேனேஜரின் வலது கை விருட்டென்று மேலே போனது.

யார் கேக்கறது? தலைமைப் பயிற்சியாளர். பந்து யார் கையில? அவர் ஆள் கையில. பாக்கி இருக்கா? டீச்சரின் ஒற்றை விரல்.

விசில் வானத்தைப் பிளந்தது. கண் மூடித் திறப்பதற்குள் மூன்று கேள்வி, மூன்று பதில். டாக்டர் தன் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு காரியமும் செய்ததில்லை. போஸ்ட்மாஸ்டர் அம்மா ஓடி வந்தார். டாக்டர் மூன்றையும் ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொன்னார். அம்மா யோசித்துப் பார்த்து, "சரிதான்" என்று திரும்பிவிட்டார். ரசீது கொடுத்த மாதிரி ஆயிற்று.

டிப்போ ஆட்கள் மேனேஜரைச் சுற்றிக்கொண்டார்கள். "சொல்லுங்க சார்! என்ன பண்ணணும்?" மேனேஜர் "ம்ம்ம்ம்!" என்றார். கண்ணை உருட்டினார். அவர்கள் விழித்தார்கள். மேனேஜர் ஆட்டத் திட்டத்தைப் படம் போட்டுக் காட்டும் பலகையைப் பிடுங்கி, பேனாவால் கிறுக்கினார். மேலே ஒரு மேடு. அதிலிருந்து கீழே அகட்டி இரண்டு கோடு. வலது கோட்டைப் பேனாவால் குத்து குத்து என்று குத்தினார்.

"புரிஞ்சிடுச்சு சார்!" என்றார் அணித்தலைவரான கண்டக்டர். "ஒருத்தன் மேல நிக்கறான். ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ஓடறோம். பந்து வலது பக்கம்!"

மேனேஜர் தலையைப் பலமாக இரண்டு பக்கமும் ஆட்டி, பலகையை இன்னும் ஓங்கிக் குத்தினார். "எவ்வளவு வெறி பாருங்கடா நம்ம சாருக்கு!" என்று எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டு மைதானத்துக்குள் ஓடினார்கள்.

ஒருவர் மேலே நின்றார். இரண்டு பேர் பிரிந்து ஓடினார்கள். தபால் அணி இடது பக்கம் ஏமாந்தது. வலது பக்கம் பந்து வந்தது, டிரைவர் துள்ளினார். இந்தத் தடவை எந்த ஐஸ்கிரீமும் குறுக்கே வரவில்லை. நாற்பத்தொன்பது!

மேனேஜரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினார்கள். அவர் கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. இடிக்குள் இவ்வளவு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

செயலாளர் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "டாக்டர், போன வாரம் சொன்னத மறந்துடுங்க. எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். டைம் அவுட் எப்பக் குடுக்கணும்னு கேட்டா இனிமே நான் புத்தகத்தப் பிரிக்க மாட்டேன், இந்த விசிலத்தான் சொல்லுவேன். அடுத்த ஞாயிறு புது நடுவர்ங்க பதினெட்டுப் பேருக்கு வகுப்பு. நீங்கதான் பாடம் எடுக்கறீங்க." தன் கழுத்தில் கிடந்த பித்தளை விசிலைக் கழற்றி டாக்டரின் கழுத்தில் மாட்டினார்.

அன்று மத்தியானம் டாக்டர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைக்கப் போவதாகச் சொன்னாள். "மூணே கேள்வி. பாத்தீங்களா?" என்றாள். "நாளையிலேருந்து கிளினிக்ல பழையபடி நிறுத்திடுங்க. மைதானத்துல பாஸ் ஆயிட்டீங்க."

மறுநாள் காலை மேனேஜர் புண்ணைக் காட்ட வந்தார். வீக்கம் வடிந்து, முகம் தெளிந்திருந்தது. டாக்டரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார். நாற்காலியில் படுத்து வாயைத் திறந்தார். சுவரில் கடைவாய்ப் பல் படம் அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். கேட்பதற்கு அவரைவிடத் தகுந்த ஆள் யார்? பதில் பேசவும் முடியாது.

"புண்ணு நல்லா ஆறுது சார். வகுப்புக்கு நீங்களும் வந்து முன்வரிசையில உக்காரணும். மொத கேள்வி, யார் கேக்கறது? ரெண்டாவது, பந்து யார் கையில? மூணாவது, பாக்கி இருக்கா? இந்த மூணையும் பாத்துட்டா நடுவர் தப்புப் பண்ணவே முடியாது சார். நேத்து எட்டு செகண்டு இருக்கறப்ப நீங்க கேட்டீங்க பாருங்க..."

மேனேஜரின் கை மேலே போனது.

டாக்டர் சட்டென்று நிறுத்தினார். வாய்க்குள் விட்டிருந்த குட்டிக் கண்ணாடியை வெளியே எடுத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வலிக்குதா சார்? சொல்லுங்க."

"இப்ப வலிக்கல" என்றார் மேனேஜர், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி. "மாத்திரை வச்ச சட்டையக் கழட்டி பையில போட்டு மறந்துட்டேன் டாக்டர். ஒரு பயலாவது எடுத்துக் குடுப்பான்னு, இதே பல்லப் பலகையில வரஞ்சு, வலிக்கற வேரக் குத்திக் குத்திக் காட்டினேன். எல்லாவனும் கும்பிடு போட்டுட்டு ஓடிட்டான்."

டாக்டரின் கை தானாகப் போய்ப் பித்தளை விசிலைப் பிடித்துக்கொண்டது. "அப்ப... அந்தக் கடைசி டைம் அவுட்டு?"

"அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் மேனேஜர். "வலிச்சா கையத் தூக்குங்கன்னு நீங்க சொன்னீங்க, வலிச்சுது, தூக்கினேன், அதுக்குப் போய் எதுக்கு டாக்டர் ஆட்டத்த நிறுத்தினீங்க?"